க்யூ10 எரிபொருள் அல்ல

ஆக்லாந்தில் நடுவயதைக் கடந்த தமிழர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் இந்தப் பேச்சு எழாமல் இருப்பதில்லை. "கொலஸ்ட்ரால் மாத்திரை போட்டீங்கன்னா உடம்புல க்யூ10 வத்திப் போயிடும் அண்ணா. அதான் இந்தக் களைப்பு, கால் உளைச்சல் எல்லாம். ஒண்ணு மாத்திரையை நிறுத்துங்க, இல்லேன்னா க்யூ10 வாங்கிச் சாப்பிடுங்க." சொல்பவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். கேட்பவரும் சாண்ட்ரிங்ஹாம் சாலையில் காய்கறி வாங்கிய கையோடு மருந்துக்கடைக்குள் நுழைந்து ஒரு புட்டியை எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறார். காசு போகிறது, போகட்டும். அத்தோடு ஸ்டாட்டின் என்ற அந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரையும் சத்தமில்லாமல் குப்பைக்குப் போகிறது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இந்தக் கருத்தை வெறும் வாட்ஸ்அப் வதந்தி என்று தள்ளிவிட முடியாது. இதற்குள் உண்மையான உயிர்வேதியியல் இருக்கிறது. படித்தவர்கள்தான் இதை அதிகம் நம்புகிறார்கள். பொறியாளர், கணக்காளர், ஆசிரியர் என்று எல்லோரும் பள்ளியில் மைட்டோகாண்ட்ரியா படித்தவர்கள். "செல்லின் ஆற்றல் நிலையம்" என்ற வரி எல்லோர் நினைவிலும் இருக்கிறது. அந்த நிலையத்தில் வேலை செய்யும் ஒரு பொருளின் பெயர் துணைநொதி க்யூ10. அப்படியானால் அதைக் கூடுதலாகக் கொடுத்தால் ஆற்றலும் கூடத்தானே வேண்டும்? கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கடைசித் தாவல் தவறு. ஏன் தவறு என்பதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

1957இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபிரெடரிக் கிரேன் மாட்டு இதயங்களின் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து மஞ்சள் நிறப் படிகம் ஒன்றைப் பிரித்தெடுத்தார். மறு ஆண்டு மெர்க் நிறுவனத்தில் கார்ல் ஃபோக்கர்ஸ் குழு அதன் அமைப்பைக் கண்டறிந்தது. தலையில் ஒரு குயினோன் வளையம், அதற்குப் பின்னால் ஒரே மாதிரியான பத்துத் துண்டுகளைக் கோத்த நீண்ட வால். கொழுப்பில் கரையும் அந்த வால்தான் அதை மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வுக்குள் வைத்திருக்கிறது. இந்த ஆராய்ச்சியில் இந்தியாவும் பின்தங்கிவிடவில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் டி. ராமசர்மா பல ஆண்டுகள் இதே மூலக்கூறை ஆராய்ந்தார்.

அதன் வேலை என்ன? நாம் சாப்பிடும் சோறும் பருப்பும் எண்ணெயும் செல்லுக்குள் படிப்படியாக உடையும்போது அவற்றிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிகின்றன. சில சுமப்பான்கள் அவற்றை ஏந்தி உட்சவ்வுக்குக் கொண்டுவருகின்றன. அங்கே வரிசையாக நிற்கும் புரதத் தொகுதிகளில் முதலாவதும் இரண்டாவதும் அந்த எலக்ட்ரான்களை வாங்கி க்யூ10இடம் தருகின்றன. க்யூ10 சவ்வுக்குள்ளேயே நகர்ந்து போய் மூன்றாம் தொகுதியிடம் ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறது. பிறகு சைட்டோகுரோம் சி, நான்காம் தொகுதி, கடைசியில் நாம் இழுக்கும் மூச்சிலிருந்து வந்த ஆக்சிஜன். எலக்ட்ரான்கள் இப்படிக் கைமாறும்போது புரோட்டான்கள் சவ்வுக்கு வெளியே தள்ளப்படுகின்றன. அவை திரும்பி உள்ளே பாயும் விசையில்தான் செல்கள் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி உருவாகிறது. இதை 1961இல் பீட்டர் மிட்செல் முன்மொழிந்தபோது ஏற்றவர்கள் குறைவு. 1978இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மூன்றாம் தொகுதியில் க்யூ10 நடத்தும் சுழற்சியை விளக்கியவரும் அவர்தான்.

இதில் க்யூ10 எங்கேயும் எரிவதில்லை. வாங்குகிறது, கொடுக்கிறது, திரும்புகிறது. ஆக்லாந்துக்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், அது நகர மையத்துக்கும் டெவன்போர்ட்டுக்கும் இடையே ஓடும் படகு. எலக்ட்ரான்கள் பயணிகள். படகே இல்லாவிட்டால் எல்லோரும் கரையில் நிற்பார்கள், அது உண்மை. ஆனால் போதுமான படகுகள் ஓடும்போது இன்னும் பத்துப் படகை இறக்கினால் டெவன்போர்ட்டுக்குப் போகிற கூட்டம் பெருகிவிடாது.

அப்படியானால் எவ்வளவு ஆற்றல் உருவாக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது எது? 1950களின் நடுவில் பிரிட்டன் சான்ஸும் ஜி. ஆர். வில்லியம்ஸும் பிரித்தெடுத்த மைட்டோகாண்ட்ரியாவை வைத்து இதை அளந்தே காட்டிவிட்டார்கள். உணவுப்பொருளும் ஆக்சிஜனும் தாராளமாக இருந்தும் மைட்டோகாண்ட்ரியா மந்தமாகத்தான் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. செலவாகி ஒரு பாஸ்பேட்டை இழந்த ஏடிபி வந்து சேர்ந்த உடனே வேகம் பிடிக்கிறது. அது தீர்ந்ததும் மீண்டும் அடங்குகிறது. அதாவது செலவுதான் உற்பத்தியை இழுக்கிறது. மவுண்ட் ஈடன் மேட்டில் ஏறும்போது தொடைத் தசை ஏடிபியைச் செலவழிக்கிறது, உடனே சங்கிலி ஓடுகிறது. சோபாவில் உட்கார்ந்துகொண்டு க்யூ10 விழுங்கினால் சங்கிலி ஓடுவதற்குக் காரணமே இல்லை. ஆற்றலைக் கூட்ட வேண்டுமென்றால் தசையில் மைட்டோகாண்ட்ரியாவின் எண்ணிக்கை கூட வேண்டும். அதை உடற்பயிற்சி செய்கிறது, வாரக்கணக்கில், உறுதியாக.

இன்னொரு பயமும் நம்மவர்களிடம் உண்டு: "க்யூ10 இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்குதாம், நாம சைவம், நமக்கு எங்கேயிருந்து கிடைக்கும்?" உணவிலிருந்து ஒருவருக்கு நாளொன்றுக்குக் கிடைப்பதே சுமார் 3 முதல் 6 மில்லிகிராம்தான், அசைவம் சாப்பிடுகிறவர்களையும் சேர்த்து. நம் செல்கள் இதை எதிர்பார்த்து இருக்கவில்லை. தலை வளையத்தை டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்தும், வாலைக் கொலஸ்ட்ரால் தயாராகும் அதே பாதையிலிருந்தும் எடுத்து ஒவ்வொரு செல்லும் தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. பரம்பரை பரம்பரையாகப் புலால் உண்ணாத குடும்பங்கள் நம்மில் எத்தனை! உணவில் இல்லாததால் க்யூ10 குறைந்து படுத்துவிட்டார்கள் என்று மருத்துவ நூல்கள் அவர்களைப் பற்றிச் சொல்வதில்லை.

அவர்களைப் பற்றி மருத்துவ நூல்கள் சொல்வது வேறொரு துணைநொதியை. அது வைட்டமின் பி12. நம் உடல் அதைச் செய்யவே முடியாது. தாவர உணவில் அது கிட்டத்தட்ட இல்லை. பால், தயிர் போதிய அளவு சேராத சைவ உணவில் அது மெல்ல மெல்லக் குறையும். சோர்வு, கால் மரத்துப்போதல், ஞாபகக் குறைவு என்று வெளிப்படும். "மருந்து சாப்பிட்டால் துணைநொதி குறைந்துவிடும்" என்ற பயத்துக்கும் உண்மையான இடம் ஒன்று இருக்கிறது. நீரிழிவுக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் ஆண்டுக்கணக்கில் போகும்போது பி12ஐக் குறைக்கும். இது உறுதியாக நிறுவப்பட்ட செய்தி. ஆக்லாந்தில் மெட்ஃபார்மின் சாப்பிடும் தமிழர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் கூட்டங்களில் பி12 பற்றிப் பேசிக் கேட்டிருக்கிறோம்? ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் குறை, ஊசியோ மாத்திரையோ போட்டால் சரியாகும் குறை. அதை விட்டுவிட்டு, உடல் தானே செய்துகொள்ளும் ஒன்றைத் தேடி ஓடுகிறோம்.

பி1 வைட்டமினான தயமினையும் நினைத்துப் பார்க்க வேண்டும். தவிட்டை முழுக்கத் தீட்டிய வெள்ளை அரிசியை மட்டுமே உண்டவர்களுக்கு பெரிபெரி வந்தது. 1890களில் ஜாவாவில் கிறிஸ்டியான் எய்க்மன் தீட்டிய அரிசி தின்ற கோழிகளின் கால் விழுந்ததையும் தவிட்டோடு கூடிய அரிசி அவற்றை எழுப்பியதையும் கண்டார். 1929இல் அவருக்கும் நோபல் கிடைத்தது. தயமினிலிருந்து வரும் துணைநொதி இல்லாவிட்டால் மாவுச்சத்து ஆற்றலாக மாறும் பாதை நடுவழியில் நின்றுவிடும். இல்லாதவர்களுக்குக் கொடுத்தபோது பிழைத்தார்கள். அதற்காகப் போதுமான அளவு உள்ளவர் பத்து மடங்கு தயமின் தின்றால் பத்து மடங்கு சுறுசுறுப்பாகிவிடுவதில்லை. துணைநொதிகளின் வரலாறு முழுக்க இதே பாடம்தான். க்யூ10 மட்டும் இதற்கு விலக்கு என்று நம்பச் சொல்கிறவர்கள் அதற்கான ஆதாரத்தைக் கொண்டுவர வேண்டும்.

க்யூ10ஐச் செய்யும் மரபணுக்களிலேயே பழுதோடு பிறக்கும் குழந்தைகள் அரிதாக உண்டு. சிறுநீரகம், மூளை, தசை என்று அடிபடும். அவர்களுக்குப் பெரிய அளவில் க்யூ10 கொடுப்பது உண்மையான சிகிச்சை. சீக்கிரம் தொடங்கினால் சிலருக்கு நல்ல பலனும் கிடைக்கிறது. அந்தக் குழந்தைகளின் கதையை எடுத்து அறுபது வயதுக்காரரின் சாயங்காலச் சோர்வுக்கு ஒட்டவைப்பதை நான் ஏற்க மாட்டேன்.

இனி ஸ்டாட்டினுக்கு வருவோம். கல்லீரலில் கொலஸ்ட்ரால் தயாராகும் பாதையின் தொடக்கத்தில் உள்ள ஒரு நொதியை ஸ்டாட்டின் அடக்குகிறது. அதே பாதையின் கிளையில்தான் க்யூ10இன் வாலும் உருவாகிறது. ஆகவே ஸ்டாட்டின் சாப்பிடுகிறவர்களின் ரத்தத்தில் க்யூ10 குறைகிறது. இதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ரத்தத்தில் க்யூ10 தனியாக மிதப்பதில்லை. பெரும்பாலும் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் எல்டிஎல் துகள்களின் மேலேறித்தான் பயணம் செய்கிறது. எல்டிஎல்லைக் குறைப்பதுதான் ஸ்டாட்டினின் வேலை. வாகனம் குறைந்தால் அதிலிருக்கும் சரக்கும் குறையும். ரத்தத்தில் குறைந்தது என்பதால் தசைக்குள்ளும் அதே அளவு வற்றிவிட்டது என்று சொல்லிவிட முடியாது.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். முதல் பயத்தைக் கிளப்பியவர்களில் நியூசிலாந்துக்காரர்களும் உண்டு. 2008இல் கிறைஸ்ட்சர்ச் ஆய்வாளர்கள் இதயச் செயலிழப்பு உள்ள 236 பேரைப் பின்தொடர்ந்து, ரத்தத்தில் க்யூ10 குறைவாக உள்ளவர்கள் அதிகம் இறந்தார்கள் என்று வெளியிட்டார்கள். கவலைக்குரிய முடிவுதான். பிறகு 2010இல் கொரோனா என்ற பெரிய ஸ்டாட்டின் ஆய்வில் சேர்ந்திருந்த 1,191 இதயச் செயலிழப்பு நோயாளிகளின் ரத்தத்தை அளந்தார்கள் (கிருமியின் பெயர் அல்ல, அதற்கு வெகு முன்பே வைத்த ஆய்வுப் பெயர்). வயது, நோயின் தீவிரம் முதலியவற்றைக் கணக்கில் எடுத்ததும் க்யூ10 குறைவு சாவை முன்னறிவிக்கவில்லை. அந்த ஆய்வில் கொடுத்த ரோசுவாஸ்டாட்டின் அவர்களின் க்யூ10ஐக் குறைத்தது, ஆனால் ஏற்கெனவே குறைவாக இருந்தவர்களுக்குக்கூட அதனால் கேடு விளையவில்லை. க்யூ10 வற்றிச் சாவோம் என்று சொல்கிறவர்கள் முதல் ஆய்வை மட்டும் பகிர்கிறார்கள். இரண்டாவதையும் பகிர வேண்டும்.

தசைவலி? கிறைஸ்ட்சர்ச்சிலேயே 2007இல், ஸ்டாட்டினால் முன்பு வலி கண்ட 44 பேருக்குச் சிம்வாஸ்டாட்டினோடு சிலருக்கு 200 மில்லிகிராம் க்யூ10, சிலருக்குப் போலி மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். வேறுபாடு தெரியவில்லை. 2015இல் அமெரிக்காவில் ஒரு குழு இன்னும் கடுமையாகச் சோதித்தது. ஸ்டாட்டினால் வலி என்று சொன்னவர்களுக்கு முதலில் ஸ்டாட்டினையும் போலி மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுத்ததில், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலானோருக்கே ஸ்டாட்டினால் மட்டும் வலி வந்தது. அப்படி உறுதியானவர்களுக்கு நாளுக்கு 600 மில்லிகிராம் கொடுத்தும் வலி குறையவில்லை. சிறு ஆய்வுகளைத் திரட்டிய தொகுப்புகளில் பலன் உண்டு என்று சொன்னதும் உண்டு, இல்லை என்று சொன்னதும் உண்டு. இருந்தாலும் உறுதியான நோயாளிகளை வடிகட்டிப் பார்த்த ஆய்வையே நான் அதிகம் நம்புகிறேன்.

2022இல் லான்செட் இதழில் வந்த கணக்கு இன்னும் பெரியது. போலி மாத்திரையோடு ஒப்பிட்ட 19 ஆய்வுகள், 1,23,940 பேர். ஸ்டாட்டின் சாப்பிட்டவர்களில் 27.1 விழுக்காட்டினர் தசைவலி என்றார்கள். போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 26.6 விழுக்காட்டினர் அதையே சொன்னார்கள். வலி பொய் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. நாற்பது, ஐம்பது வயதுக்கு மேல் நாலில் ஒருவருக்கு எப்படியும் உடம்பு வலிக்கிறது. பத்தில் ஒன்பது பேரின் வலிக்கு மாத்திரை காரணமில்லை. மிச்சமுள்ளவர்களுக்கு உண்மையாகவே மாத்திரையால் வலிக்கிறது. அவர்கள் மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றலாம், ஸ்டாட்டின் அல்லாத மருந்தும் இருக்கிறது. அரிதாகத் தசை உடைந்து சிறுநீர் கறுக்கும் நிலை வரும். அப்போது ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

"மெர்க் நிறுவனமே ஸ்டாட்டினோடு க்யூ10ஐச் சேர்த்து விற்கக் காப்புரிமை வாங்கி வைத்திருந்ததே, பிறகு ஏன் மறைத்தார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. 1990இல் அப்படிக் காப்புரிமைகள் வழங்கப்பட்டது உண்மை. காப்புரிமை என்பது ஒரு யோசனைக்கு வேலி போடுவது. யோசனை வேலை செய்கிறதா என்று அது சான்று தருவதில்லை. அதற்கான சான்றை நோயாளிகளிடம் நடத்திய சோதனைகள்தான் தர முடியும். அவை என்ன சொல்லின என்று மேலே பார்த்தோம். காப்புரிமை ஆவணம் யார் வேண்டுமானாலும் படிக்கக் கிடைக்கிறது. மறைக்க நினைப்பவர் அதைப் பதிவு அலுவலகத்தில் கொண்டுபோய் வைப்பாரா?

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், இந்த விஷயத்தில் பணயம் வைக்கப்படுவது நம் இதயங்கள். நியூசிலாந்தில் இதய நோய் ஆபத்தைக் கணக்கிட ஆக்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரெடிக்ட் என்ற பெருந்திட்டத்தை நடத்தினார்கள். நான்கு லட்சம் பேரின் தரவுகளை வைத்து 2018இல் லான்செட்டில் வெளியான அந்தக் கணக்கில், மற்ற ஆபத்துகள் சமமாக இருந்தாலும் மாவோரி, பசிபிக், இந்திய வம்சாவளியினருக்கு ஐரோப்பியரைவிட 13 முதல் 48 விழுக்காடு வரை ஆபத்து கூடுதல் என்று தெரிந்தது. அதே ஆண்டு வந்த நாட்டின் வழிகாட்டி, மற்ற ஆபத்து இல்லாத ஆண்களுக்கு 45 வயதிலும் பெண்களுக்கு 55 வயதிலும் இதய ஆபத்தைக் கணக்கிடச் சொல்கிறது. தெற்காசியருக்கோ ஆணுக்கு 30, பெண்ணுக்கு 40. பதினைந்து ஆண்டு முன்கூட்டியே. இலங்கைத் தமிழரும் தமிழ்நாட்டுத் தமிழரும் மலேசியத் தமிழரும் இந்தக் கணக்குக்குள்தான் வருகிறோம். எல்டிஎல்லை லிட்டருக்கு ஒரு மில்லிமோல் குறைத்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகின்றன என்று பெருந்தொகுப்பாய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஐரோப்பியரைவிட நமக்கு அதிகம் வேண்டிய மருந்தை, நாமே ஒருவருக்கொருவர் பேசி நிறுத்த வைக்கிறோம்.

ஆக்லாந்தில் இந்த விவாதம் வேறொரு திசையிலும் திரும்பும். "சாதா க்யூ10 உடம்புல ஏறாது, நம்ம நியூசிலாந்துக் கண்டுபிடிப்பு மைட்டோக்யூதான் நேரா உள்ளே போகும்" என்பார்கள். அந்த வேதியியல் பெருமைப்படத்தக்கது. 1990களின் பிற்பகுதியில் டுனீடின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் மைக் மர்ஃபியும் ராபின் ஸ்மித்தும் க்யூ10இன் தலை வளையத்தோடு நேர்மின்னேற்றம் கொண்ட ஒரு பாஸ்போனியத் துண்டை இணைத்தார்கள். மைட்டோகாண்ட்ரியாவின் உட்புறம் எதிர்மின்னேற்றம் கொண்டது. ஆகவே அந்த மூலக்கூறு தானாகவே உள்ளே இழுக்கப்பட்டுப் பல நூறு மடங்கு செறிவில் சேர்கிறது. இன்று ஆக்லாந்து நிறுவனம் ஒன்று அதைத் துணை உணவாக விற்கிறது.

ஆனால் ஆற்றல் உற்பத்தியில் அது க்யூ10இன் இடத்தை எடுத்துக்கொள்வதில்லை. 2005இல் மர்ஃபியின் குழுவே இதைச் சோதித்தது. இரண்டாம் தொகுதி மைட்டோக்யூவுக்கு எலக்ட்ரானைத் தருகிறது. மூன்றாம் தொகுதி அதனிடமிருந்து வாங்குவதில்லை. சங்கிலி அங்கேயே அறுந்துவிடுகிறது. மைட்டோக்யூவை வடிவமைத்ததே ஆக்சிஜனால் விளையும் சேதத்தைத் தடுக்கும் காப்புப்பொருளாகத்தான். ஆற்றல் கூடும் என்று எதிர்பார்த்து அதை வாங்குகிறவர், உருவாக்கியவர்கள் சொல்லாத ஒன்றை எதிர்பார்க்கிறார்.

காப்புப்பொருளாகவாவது வேலை செய்ததா? அதைக் கடுமையாகச் சோதித்தவர்கள் இந்த ஊர் மருத்துவர்கள். ஆக்லாந்தின் நரம்பியல் மருத்துவர் பாரி ஸ்னோ தலைமையில் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா நாடுகளில் 128 புதிய பார்க்கின்சன் நோயாளிகளுக்கு ஓராண்டு மைட்டோக்யூ கொடுத்தார்கள். 2010இல் வெளியான முடிவு: நோய் முன்னேறும் வேகத்தில் போலி மாத்திரைக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. அதே ஆண்டு ஆக்லாந்தின் கல்லீரல் மருத்துவர் எட் கேன் முதலியோர் ஹெபடைட்டிஸ் சி நோயாளிகள் 30 பேருக்கு 28 நாள் கொடுத்ததில் கல்லீரல் சேதத்தைக் காட்டும் நொதி ரத்தத்தில் குறைந்தது, வைரஸ் குறையவில்லை. சிறிய, குறுகிய ஆய்வு. தொடர்ந்து பார்க்கத் தகுந்தது. இரண்டையும் ஒரே நேர்மையோடு வெளியிட்ட ஊர் இது. நாம் மட்டும் நல்ல செய்தியை மட்டும் பொறுக்கிக்கொள்வது ஏன்?

சாதாரண க்யூ10க்கும் பார்க்கின்சனில் அதே கதிதான். 2002இல் 80 பேரிடம் நடந்த சிறிய ஆய்வு நம்பிக்கை தந்தது. 600 பேரை வைத்து நாளுக்கு 1,200, 2,400 மில்லிகிராம் கொடுத்த பெரிய ஆய்வைப் பலன் வராது என்று பாதியில் நிறுத்தினார்கள்; முடிவு 2014இல் வெளிவந்தது. ஹன்டிங்டன் நோயில் 609 பேரிடம் நடந்த ஆய்வும் அப்படியே நின்றது. மூளைச் செல்களுக்கு ஆற்றல் குறைவதுதான் இந்நோய்களில் ஒரு பெரும் சிக்கல் என்று கருதித்தான் இவற்றைத் தொடங்கினார்கள். உண்மையான ஆற்றல் நெருக்கடி உள்ள இடத்திலேயே இவ்வளவு பெரிய அளவு உதவவில்லை என்றால், நூறு மில்லிகிராம் மாத்திரை நல்ல உடம்புக்குத் தெம்பு தரும் என்பதை எதை வைத்து நம்புவது?

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதை ஒளிக்க மாட்டேன். க்யூ-சிம்பியோ என்ற ஆய்வில் இதயச் செயலிழப்புள்ள 420 பேருக்கு இரண்டாண்டு நாளுக்கு 300 மில்லிகிராம் கொடுத்தார்கள். போலி மாத்திரை பெற்றவர்களில் 26 விழுக்காட்டினருக்குப் பெரிய இதய நிகழ்வு நேர்ந்தது. க்யூ10 பெற்றவர்களில் 15 விழுக்காட்டினருக்கு. 2014இல் வெளியான இது அலட்சியம் செய்யத்தக்க முடிவு அல்ல. 2021இல் காக்ரேன் தொகுப்பாய்வும் இதயச் செயலிழப்பில் சாவைக் குறைக்கக்கூடும் என்றே சொன்னது. ஆனால் க்யூ-சிம்பியோவில் திட்டமிட்ட அளவு ஆட்கள் சேரவில்லை, சேர்க்கவே ஆண்டுகள் பல பிடித்தன, அதற்குப் பிறகு இதயச் செயலிழப்புக்குப் புதிய வலுவான மருந்துகள் வந்துவிட்டன. அதே பலனைக் காட்டும் பெரிய ஆய்வு இன்னும் வேண்டும். இதயம் தளர்ந்த நோயாளி தன் மருந்துகளோடு இதையும் சேர்க்கலாமா என்று இதய மருத்துவரிடம் கேட்டால் அது நியாயமான கேள்வி. வார்ஃபரின் சாப்பிடுகிறவர் கட்டாயம் கேட்க வேண்டும், ஏனென்றால் க்யூ10 அந்த மருந்தின் வேகத்தைக் குறைக்கக்கூடும். ஆனால் இந்த ஆய்வைக் கையில் வைத்துக்கொண்டு இதயம் நன்றாக இருப்பவரிடம் ஸ்டாட்டினை நிறுத்தச் சொல்வதற்கு இதில் ஒரு வரிகூட இல்லை.

நியூசிலாந்தில் இவை 1985ஆம் ஆண்டின் துணை உணவு விதிகளின் கீழ் விற்கப்படுகின்றன. நோயைத் தீர்க்கும் என்று சீட்டில் எழுதக் கூடாது. அதே நேரம் பலன் உண்டு என்று அரசிடம் நிரூபித்த பிறகுதான் விற்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இதை மாற்ற வந்த மருத்துவப் பொருட்கள் சட்டம் 2023இல் நிறைவேறி, நடைமுறைக்கு வருமுன்பே 2024இல் நீக்கப்பட்டது. சீட்டில் எழுத முடியாததை வாய்ப்பேச்சு எழுதிவிடுகிறது, அந்தப் பேச்சை நடத்துவது நாமே. ஆகவே நம் தமிழ்ச் சங்கங்களிடமும் ஆலயக் குழுக்களிடமும் கேட்கிறேன். அடுத்த ஆரோக்கியக் கூட்டத்துக்குக் க்யூ10 புட்டியைக் காட்டுகிறவரை அழைக்க வேண்டாம். முப்பது கடந்த ஆண்கள், நாற்பது கடந்த பெண்கள் ஒவ்வொருவரும் தங்கள் ஜீ.பி.யிடம் பிரெடிக்ட் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். களைப்பாக இருக்கிறது என்பவருக்கு இரும்பு, தைராய்டு, சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி, மெட்ஃபார்மின் சாப்பிட்டால் பி12, தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்பது ஆகியவற்றைக் கேட்கச் சொல்லுங்கள். ஸ்டாட்டினை ஏற்கெனவே நிறுத்தியவர்கள் யாராவது அந்தக் கூட்டத்தில் இருந்தால், அந்த வாரமே மருத்துவரைப் பார்த்து நிறுத்தியதைச் சொல்லிவிட்டு வரச் சொல்லுங்கள்.